புத்தகத்தின்படி கொழுவவும்

அன்று எங்கள் வீட்டுக் கொட்டிலில் நின்றவர்கள் நான்கு பேர். நான், என் மனைவி, உடுப்பிட்டியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த ஓய்வுபெற்ற ஆங்கில மாஸ்டர், அரியாலையிலிருந்து வந்த, வங்கியில் வேலை செய்யும் தம்பி. தம்பி உறவில்லை, கார்ப் பைத்தியம் எங்களை அப்படி ஆக்கிவிட்டது. நான்கு பேர் என்று இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெற்றோல் தீப்பிடித்தால் எத்தனை பேரை வெளியே இழுக்க வேண்டும் என்று காலையிலேயே எண்ணி வைத்திருந்தேன். வாசலில் இரண்டு வாளி மண்ணும் வைத்திருந்தேன்.

உள்ளே நின்றது ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீற், கூரை இல்லை, மூக்கு நீளம். அதன் பெயரை எழுதப்போவதில்லை; எழுதினால் விலை கேட்டு ஆள் வரும். ஏற்கெனவே ஒருவர் வரத்தான் இருந்தார். கொழும்பு வியாபாரி ஒருவர் மறுநாள் காலை லொறியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். காரை நான் வாங்கியது மனைவியின் சீட்டுக்காசில். வாங்கி இரண்டு வருடம், ஒரு முழம்கூட ஓடவில்லை. கடைசியில் அவள் தவணை வைத்துவிட்டாள். இன்று பொழுதுபடுவதற்குள் ஸ்டார்ட் வந்தால் கார் எங்களுக்கு. வராவிட்டால் நாளை லொறிக்கு, வருகிற காசு அவளுக்கு.

நாங்கள் மூன்று பேரும் கூடினால் காரைவிட அதைப் பற்றிய புத்தகங்களைத்தான் கூடக் கதைப்போம். ஆளுக்கொரு புத்தகம் இருந்தது. தம்பியுடையதை இலண்டனில் இருக்கும் அக்கா அனுப்பியிருந்தார். வழுவழு என்ற தாள், பக்கம் முழுக்க வர்ணப்படம். கை கழுவித் துடைத்த பிறகுதான் அதைத் திறப்பார். மாஸ்டருடையதில் படம் குறைவு. எந்த வருடம் எத்தனை கார் செய்தார்கள், எப்போது கதவுப்பிடி மாறியது என்று ஒரே வரலாறு. தம்பியின் புத்தகத்தை மாஸ்டர் கலியாண அல்பம் என்பார். மாஸ்டரின் புத்தகத்தைத் தம்பி வாக்காளர் இடாப்பு என்பார். பின்விளக்கு வட்டமா, நீட்டா என்று தொடங்கி இருவரும் ஒரு மாதம் முகம் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள்.

என்னுடையது காரோடு வந்த திருத்தவேலைப் புத்தகம். அட்டை கிடையாது. மண்ணெண்ணெய் மணக்கும், பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் அல்லவா எங்களுடையது. அதைப் புத்தகம் என்று அவர்கள் இருவரும் ஒப்புக்கொண்டதே இல்லை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன், ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனால் அதில் எஞ்சினைக் கழற்றிப் பரப்பி வைத்தது போன்ற படங்கள் இருந்தன. பழைய சொந்தக்காரர் ஓரங்களில் பென்சிலால் தமிழில் எழுதியும் வைத்திருந்தார். ஒயில் மாற்றிய நாள், ரயர் வாங்கிய கடை, ஏதேதோ இலக்கங்கள். கவலை வரும்போதெல்லாம் அதைத்தான் புரட்டுவேன். அப்படியென்றால் நாள்தோறும்.

தம்பி அன்று புதிதாக நான்கு பிளக் வயர் கொண்டுவந்திருந்தார். பழையவற்றைக் கழற்றி எறிந்தாயிற்று. எந்த சிலிண்டருக்கு எந்த ஒழுங்கில் நெருப்புப் போக வேண்டும் என்று மாஸ்டர் வகுப்பில் வாசிப்பதுபோல வாசித்தார். ஒன்று, மூன்று, நாலு, இரண்டு. தம்பி தன் புத்தகத்தில் பார்த்தார். அதுவே. என்னுடையதிலும் அதுவே. இத்தனை வருடத்தில் மூன்று புத்தகங்களும் ஒத்துப்போன முதல் சங்கதி அது. மாஸ்டரும் தம்பியும் கை குலுக்கிக்கொண்டார்கள். நான் புது வயர்களை அந்த ஒழுங்கிலேயே மாட்டிக் கொழுவினேன்.

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் சுற்றியது, பிறகு கார்பரேட்டரால் டப்பென்று தும்மியது. மறுபடியும் திருப்பினேன், மறுபடியும் தும்மல். நான் மண் வாளியைப் பார்த்தேன். ஆறாம் தரம் பற்றரி இழுக்கத் தொடங்கிவிட்டது. மாஸ்டர் வயரைக் குறை சொன்னார். தம்பி, மாஸ்டரின் புத்தகம் வேறு வருடத்துக் காருக்கு எழுதியது என்றார். தூணில் சாய்ந்து நின்ற மனைவி தேநீர்த் தட்டை மெல்லக் கீழே வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, லொறிக்காரரை எத்தினை மணிக்கு வரச் சொன்னனீங்கள்?"

கையை எங்கேயாவது வைக்க வேண்டியிருந்தது, புத்தகத்தில் வைத்தேன். வயர் ஒழுங்கு போட்டிருந்த அதே பக்கம். ஓரத்தில் பென்சிலால் ஒன்று நாலு, இரண்டு மூன்று என்று இருந்தது. எத்தனையோ தரம் கண்டது. யாரோ ஒருவரின் வீட்டுக் கணக்கு என்று தாண்டிப் போயிருக்கிறேன். அன்று காதில் இலக்கங்கள் ஒலித்துக்கொண்டிருந்தபடியால் மேலே அப்பியிருந்த கிறீஸை நகத்தால் சுரண்டினேன். எழுத்து வந்தது.

"டிஸ்ரிபியூட்டர் அரைச் சுற்றுத் திருப்பி இருக்கு. ஒன்றின் வயரை நாலுக்கும் இரண்டின் வயரை மூன்றுக்கும் மாற்றினால் ஓடும். யாரும் கார் கேட்டு வந்தால் புத்தகத்தின்படி கொழுவவும்."

இரண்டு தரம் வாசித்தேன். சிலிண்டர்களுக்கு நெருப்பைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டரையே பழைய சொந்தக்காரர் திருப்பி வைத்திருந்தார். ஓடுகிற வாகனம் வாசலில் நின்றால் யாராவது கேட்டு வருவார்கள், இல்லை என்று சொல்ல முடியாது, அப்படி ஒரு சண்டைக்காலம் இங்கே இருந்தது. காரின் நாலு சில்லையும் கழற்றிக் கிணற்றில் போட்டவர்கள் இருந்தார்கள். இந்த மனிதர் வயர்களைப் புத்தகத்தின்படி கொழுவிவிட்டுச் சாவியைக் கையில் கொடுத்திருக்கிறார். வந்தவர்கள் புத்தகத்தைப் பார்த்துச் சரிபார்த்திருப்பார்கள். எல்லாம் சரியாக இருந்திருக்கும். கார் தும்மியிருக்கும்.

"மாஸ்டர், மூண்டு புத்தகமும் பிழை" என்றேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்து பார்த்தார். "உது அச்சிலை இல்லையே, கையெழுத்தெல்லே."

"அதுதான் நம்புறன்."

தம்பி ஏற்கெனவே வயரை இழுத்துக்கொண்டிருந்தார். ஒன்றை நாலுக்கு, இரண்டை மூன்றுக்கு. பற்றரியில் இன்னும் ஒரு திருப்பல்தான் இருக்கும் என்று என் பயம் கணக்குப் போட்டது. திருப்பினேன். ஒரு முனகல். பிறகு கொட்டில் தகரம் அதிர்ந்தது. புகை, சத்தம், மாஸ்டர் ஏதோ சொல்கிறார், வாய் மட்டும்தான் அசைகிறது. தம்பி கை கழுவாமல் தன் புத்தகத்தை எடுத்துக் கறுத்த பெருவிரலால் அந்தப் பக்கத்தைப் பிரித்து, பேனையால், அந்தப் பென்சில் குறிப்பை அப்படியே எழுதினார். மண் வாளியை நான் மறந்தே போனேன்.

இரண்டே சீற் என்பதால் முதலில் ஏறியது மனைவிதான். வீட்டு வாசல் மண் ஒழுங்கையால் மெல்ல ஓட்டினேன். பிறேக் பிடிக்குமா, நாய் குறுக்கே வருமா என்ற யோசனைக்கு நடுவிலும் சிரிப்பு அடங்கவில்லை. தார் றோட்டில் ஏறியதும் காற்று முகத்தில் அடித்தது. அவள் ஒரு கையால் தலைமயிரைப் பிடித்துக்கொண்டாள்.

"லொறிக்காரரை வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ" என்றாள். கொஞ்சத் தூரம் போன பிறகு, "அதுக்காக என்ரை சீட்டுக்காசு கழிஞ்சுது எண்டு நினையாதேங்கோ."

நினைக்கவில்லை. விற்றிருந்தால் மறுநாளோடு தீர்ந்திருக்கும். விற்காதபடியால் நான் அவளுக்குக் கொடுக்க வேண்டியது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது: மூன்று இலட்சத்து எழுபத்தையாயிரம் ரூபாய்.