மஞ்சள் எழுத்தின் மேல் இரண்டு கோட்டு நீலம்

ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்கைக் கண்காட்சிக் கூடமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே வைப்பதற்காக ஆறு பழைய ராணுவத் தோட்டாப் பெட்டிகளைச் சுத்தம் செய்து, அழிந்த எழுத்துகளை மறுபடி எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது. எண்ணூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் இருபத்தாறு ஆண்டுகள் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டியவன் நான். தகுதி என்று கேட்டால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

ஐந்து பெட்டிகள் காயலான் கடையில் எடை போட்டு வாங்கியவை. ஆறாவது காசிமேட்டில் ஒரு விசைப்படகுக்காரருடையது. அவருடைய அப்பா காலத்திலிருந்து படகில் இருக்கும் இரும்புப் பெட்டி. லைசென்ஸ் தாள், தீப்பெட்டி, கற்பூரம், கைப்பேசி என்று நனையக் கூடாத எல்லாம் அதற்குள்தான் போகும். மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்குமே, அதுவரை கொடுங்கள் என்று கேட்டு வாங்கிவந்தேன். தடை முடிவதற்கு முதல் நாள் திருப்பித் தருவதாகச் சொல்லி, அதை டைரியிலும் எழுதிக்கொண்டேன். கொஞ்சம் சுத்தம் செய்துகொள்ளலாமா என்று கேட்டதற்கு, "தொடச்சிக்கோ சார், அதுக்கு இன்னா" என்றார்.

துடைப்பதற்குத்தான் அனுமதி வாங்கினேன். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. இதை இப்போது தெளிவாக எழுத முடிகிறது.

அந்தப் பெட்டியின் நீலப் பெயிண்டைத் தின்னரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து, பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டினேன். நீலத்துக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே இன்னொரு பச்சை, அதன் மேல் மங்கிய மஞ்சளில் ஆங்கில எழுத்துகள். மற்ற ஐந்திலும் துருதான் மிச்சம். இதில் மட்டும் தோட்டாவின் வகை, லாட் எண், எச்சரிக்கை எல்லாம் வரிவரியாக இருந்தன. பட்டர் பேப்பரில் படியெடுத்து, பழைய எக்ஸ்ரே தாளில் எழுத்துகளை வெட்டி, அதே இடத்தில் வைத்து மஞ்சள் எனாமல் ஒற்றினேன். மூடியின் உள் ஓரத்தில் லாரி டியூபை வெட்டி ஒட்டியிருந்தார்கள். அது ராணுவத்தில் போட்டது இல்லை என்று பிய்த்து எறிந்துவிட்டுக் கறுப்பு ஃபெல்ட் துணி ஒட்டினேன். அந்த ஒரு பெட்டிக்குப் பதினோரு நாள் ஆயிற்று. முதுகு போய்விட்டது.

திறப்பு விழா தள்ளிக்கொண்டே போனது. சொன்ன நாளில் படகுக்காரரும் அவர் மனைவியும் கூடத்துக்கே வந்துவிட்டார்கள். அந்த அம்மாள் காசிமேட்டில் மீன் விற்பவர்.

"எம் பொட்டி எங்க சார்?"

காட்டினேன். படகுக்காரர் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இன்னா சார் இது, சண்டைக்கா போறேன்? நடுக்கடல்ல ரோந்துக்காரன் வந்து சைடுல நின்னா இன்னா சொல்றது? உள்ள கற்பூரம்தான் கீதுன்னா நம்புவானா?"

"உன்ன மட்டும் புடிச்சினு போனா பரவால்ல," என்றார் அந்த அம்மாள். "போட்டையே புடிச்சினு போனா எவன் குடுப்பான்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மறுநாள் படகு கடலுக்குப் போக வேண்டும். இந்த எழுத்தோடு பெட்டியை ஏற்ற முடியாது, பெட்டி இல்லாமல் தாள்கள் நனையும்.

கூடத்தின் பொறுப்பாளர் மற்ற ஐந்தில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். படகுக்காரர் ஐந்து மூடிகளையும் ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தார். "அஞ்சுமே வாய் கோணினது சார். இதுல தண்ணி பூந்துரும்." அடிஸ்கேல் வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

பொறுப்பாளர் என்னைத் தனியாக அழைத்தார். "பதினோரு நாள் வேலை பார்த்திருக்கீங்க. உங்களுக்கே மனசு வருதா?"

"வரல சார். ஆனா பொட்டி அவருது."

அதற்கு மேல் வாதாட எனக்குத் தெம்பு இல்லை. பெட்டியை ஆட்டோவில் வைத்து அவர்களோடு துறைமுகத்துக்குப் போனேன். படகுகளில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் ஒரு தினத்தாளை மடித்து வைத்து, மூடி, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டிரம்மில் இறக்கி, மேலே ஒரு கல்லை வைத்தோம். கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் தாள் பாதி கூழ். ஃபெல்ட் தண்ணீரைக் குடித்து உப்பியிருந்தது.

"சோக்கா ஒட்டிகிற சார்," என்றார் அந்த அம்மாள்.

பஞ்சர் கடையில் பழைய லாரி டியூப் வாங்கி வந்தேன். ஃபெல்ட்டைச் சுரண்டி எடுத்து, உள்பக்கத்தைக் காயவைத்து, டியூபை அரை அங்குலப் பட்டையாக வெட்டி, சொல்யூஷன் தடவி ஒட்டினேன். மூலைகளில் பட்டையைச் சாய்வாக வெட்டிச் சேர்க்கச் சொன்னார் படகுக்காரர். அவர் அப்பா அப்படித்தான் செய்திருந்தாராம். பிய்த்து எறிந்தபோது நான் அதைக் கவனிக்கவில்லை. மறுபடி முக்கினோம். இந்த முறை தாள் நனையவில்லை. அவர் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

படகுக்கு அடித்தது போக டப்பாவில் கொஞ்சம் நீலம் மீந்திருந்தது. அவர் பிரஷ்ஷை எடுத்தார். நானே அடிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். ஒரு கோட்டு அடித்து வெயிலில் வைத்தேன். உட்கார்ந்து எழ முழங்கால் இடம் கொடுக்கவில்லை. அப்படியே வலைக்குவியல் மேல் சாய்ந்திருந்தேன். அந்த அம்மாள் டீ வாங்கிக் கொடுத்தார்.

பெயிண்ட் காய்ந்ததும் நீலத்துக்கு அடியிலிருந்து மஞ்சள் லேசாகத் தெரிந்தது. லாட் எண்ணைக்கூடப் படிக்க முடிந்தது.

"இன்னொரு கோட்டு போட்டுடு சார்," என்றார் படகுக்காரர். "கண்ணு கீறவன் படிச்சிடுவான்."

எழுத்துகள் இருந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கனமாக, இடமிருந்து வலமாக, ஒவ்வொரு வரியாக அடித்தேன். பிறகு பெட்டியை வெளிச்சத்துக்குத் திருப்பி, இரண்டு பக்கமும் சாய்த்துப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை.