அக்காளின் ரோஸ் அட்டை

பெரியம்மா மகளும் நானும் ரங்கூனின் பசுந்தாங் பகுதியில் ஒரே கட்டடத்தில், எதிரெதிர் வீடுகளில் வளர்ந்தோம். என்னைவிட மூன்று மாதம் மூத்தவள் என்பதால் அவளை அக்கா என்றே கூப்பிட வேண்டும். அவளுடைய அப்பா பர்மாக்காரர். என் அப்பா, துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவரின் மகன், ரங்கூனிலேயே பிறந்தவர். கல்லூரி இடத்தைத் தீர்மானிக்கும் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு ஒரே புத்தகத்தை இரண்டாகக் கிழித்து மாற்றி மாற்றிப் படித்தோம். கணக்கு அவளுக்கு வராது. நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

எனக்கு ஐந்து பாடத்தில் டிஸ்டிங்ஷன், அவளுக்கு நாலில். இருவருக்குமே டாக்டருக்குப் படிக்கப் போதுமான மார்க்.

ஆனால் லவக்கா என்று எல்லாரும் சொல்லும் குடிநுழைவு அலுவலகத்தில் அவளுக்கு ரோஸ் அட்டை கொடுத்தார்கள், எனக்கு நீலம். ரோஸ் என்றால் முழுக் குடிமகள். நீலம் என்றால் பாதி. நீல அட்டைக்கு மருத்துவக் கல்லூரி கிடையாது என்று அங்கிருந்த கிளார்க் பர்மியில் சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை. வேறு ஏதாவது படியம்மா என்றார். அப்பா தலையாட்டிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அக்காளுக்கு இடம் கிடைத்த அன்று பெரியம்மா ரவை இனிப்பு செய்து கொண்டுவந்தார். யாரும் சந்தேகப்படக் கூடாதென்று இரண்டு துண்டு தின்றேன். அதன்பின் அவளுடைய வெள்ளைக் கோட்டு எதிர் பால்கனிக் கம்பியில் காய்வதைப் பார்த்துவிட்டுத்தான் லான்மடா பேட்டையில் இருந்த கடைக்கு வேலைக்குப் போவேன். மழை வந்து அது நனையட்டும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

மாணவர் கலகத்தால் மூடிய கல்லூரி வெகுநாள் கழித்துத் திறந்தபோது, மறுபடி பதிய அசல் அட்டையும் ஒரு நகலும் கேட்டார்கள். நகல் எடுத்துவரச் சொல்லி அக்கா அட்டையை என்னிடம் கொடுத்தாள். நகலைக் கொண்டுவந்து கொடுத்தேன். அட்டையை நகல் எடுத்த கடையில் மறந்துவிட்டதாகச் சொன்னேன்.

அது என் துணிப்பெட்டியில் இருந்தது. கதவைத் தாழிட்டுக்கொண்டு இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இனம் என்ற இடத்தில் எனக்கு இந்தியா. அவளுக்கு இந்தியா, ஒரு கூட்டல் குறி, பர்மா. அந்தக் குறியை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். மேலே பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் அக்கா வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அட்டை உன்கிட்டதான் இருக்கு. நாளைக்குக் கடைசி நாள்" என்றாள்.

"கடையில..."

"கடையில போய்க் கேட்டுட்டேன்."

பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அழுவாள், திட்டுவாள், பெரியம்மாவிடம் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் எந்த உதவியும் கேட்டதில்லை. தீப்பெட்டி வேண்டுமென்றாலும் கீழ்வீட்டில் போய்க் கேட்டாள்.

சட்டம் போட்டவர்களை நான் வெறுத்திருக்க வேண்டும். அவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது. இவளைத் தினமும் பார்த்தேன்.

அவள் டாக்டராகி, வெளியூர் ஆஸ்பத்திரிகளில் வேலைபார்த்துவிட்டு வந்து, எங்கள் தெருமுனையில் கிளினிக் போட்டாள். நான் தபால் வழியில் பி.ஏ. முடித்து, அதே கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். அம்மாவின் ரத்த அழுத்தத்துக்கு மாதாமாதம் அவளிடம்தான் கூட்டிப்போவேன். மற்றவர்களோடு வரிசையில் உட்காருவோம். அம்மாவைப் பரிவாகப் பார்ப்பாள். என்னிடம் மாத்திரை வேளைகளை மட்டும் சொல்லுவாள்.

ஒருமுறை மருந்துச் சீட்டு எழுதும்போது அளவு தடுமாறி, உதட்டுக்குள் பெருக்கிப் பார்த்தாள். எனக்கு விடை வந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. அவளும் சரியாகத்தான் எழுதினாள், கொஞ்சம் தாமதமாக. வீடு வரும்வரை அந்தத் தாமதத்தை நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டே வந்தேன்.