குடைக் கம்பியில் செய்த கோடுகீறி

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கொழும்பு வீட்டை இழந்து, என் தங்கையும் கணவரும் வேலணைத் தீவில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டுத் தச்சுவேலை செய்யப்போவதாகச் சொன்னார். காணி பூமியுள்ள குடும்பத்து மாப்பிள்ளை உளி பிடிப்பதாவது! பள்ளிக்கூடத்தில் கோடும் கோணமுமாகக் கேத்திரகணிதம் படிப்பித்த எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

உளியும் மரம் அறுக்கும் வாளும் இரவல். பலகையின் விளிம்புக்குச் சமமாகக் கோடு கீறும் கருவியை மட்டும் அவரே செய்தார். அப்பா உட்கார்ந்து உடைந்த கதிரையின் காலில் ஒரு கட்டை. அதைத் துளைத்துச் செருகிய சிறு தடி. தடியின் நுனியில், அரத்தில் கூராக்கிய குடைக் கம்பித் துண்டு. கட்டையை வேண்டிய அளவுக்கு நகர்த்திப் பனை ஆப்பால் இறுக்கினால் அளவு நிற்கும்.

"மழை வந்தால் இதைப் பிடிச்சுக்கொண்டு போகலாமோ, மச்சான்?" என்றேன்.

"சும்மா இருங்கோ அண்ணை" என்றாள் தங்கை.

அவர் சிரித்தார். "விரியாது மச்சான். ஆனால் கோடு கோணாது."

நாரந்தனையில் கடற்தொழில் செய்யும் குடும்பம் ஒன்று நான்கு யன்னல் சட்டங்களுக்கு மரம் கொடுத்திருந்தது. வேலை பிடித்துவிட்டால் அவர்களுடைய புது வீட்டு மரவேலை முழுவதும் இவருக்குத்தான். அதை வைத்துத் தனியே குடிபோகலாம் என்று தங்கை சொல்லிக்கொண்டிருந்தாள்.

சட்டங்களில் துளைகளுக்குக் கோடு கீறி முடித்தவர், அவற்றுக்குள் இறங்கவேண்டிய கழுந்துகளுக்கு அதே அளவில் கீறுமுன் சாப்பிடப் போனார். நான் அந்த விளையாட்டுச் சாமானை எடுத்து ஆட்டிப் பார்த்தேன். ஆப்பு கழன்று விழுந்தது. கட்டை ஒரு நெல்லளவு நகர்ந்தது. ஆப்பை மறுபடி அடித்துவிட்டுப் போய்ப் பத்திரிகை வாசித்தேன். அளவு மாறியது எனக்குத் தெரியும். தெரியாது என்று வருடக்கணக்காக எனக்கே சொல்லிவந்தேன். படித்தவனுக்குப் பொய் சுலபமாக வரும்.

கழுந்துகள் மெலிந்துபோயின. நாரந்தனைக்காரர் தொட்டுப் பார்க்கச் சட்டங்கள் கிழவன் பல்லைப்போல் ஆடின.

"குடைக் கம்பியாலை யன்னல் செய்தால் இப்பிடித்தான்" என்று வந்தவருக்கு முன்னாலேயே சொன்னேன்.

அவர் தன் மரத்தை ஏற்றிக்கொண்டு போனார். மச்சான் அதன்பிறகு உளியைத் தொடவில்லை. என் மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தார். நான் வரம்பில் நின்று பிழை சொன்னேன்.

சில வருடங்களின் பின், யுத்தத்துக்குப் பயந்து தீவை விட்டு எல்லோரும் வெளிக்கிடச் சாமான் கட்டியபோது அந்தக் கருவி அகப்பட்டது.

"மச்சான், அண்டைக்கு ஆப்பைக் கழட்டினது நான்தான்."

"தெரியும். தடிச்ச பக்கத்தை மாறி அடிச்சிருந்தீர். வெட்டி முடிச்சாப் பிறகுதான் கண்டனான்."

"பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை?"

"உம்மடை வீட்டிலையெல்லோ இருந்தனாங்கள்."

நான் கருவியை அவருடைய பெட்டிக்குள் வைத்தேன். அவர் அதை எடுத்து நிலத்தில் வைத்தார்.

"பாரம், மச்சான்" என்றார். ஒரு சாண் நீளமில்லாத கட்டை அது.