கழுத்தை அளந்த நூல்

சைகோன் ஆஸ்பத்திரி ஒன்றில் நான் காவல்காரனாக இருந்தபோது, அந்த ஊர் 'பென் தான்' என்ற பெரிய சந்தையில் துணி விற்ற காரைக்கால் பாய் ஒருவர் கழுத்தில் புற்றுக்கட்டியோடு வந்து சேர்ந்தார். ஒடிசலான உடம்பு, வெள்ளைத் தொப்பி. பிரெஞ்சு டாக்டர் கட்டிக்குள் ரேடியம் ஊசிகளைச் செருகியிருந்தார். புது வைத்தியம், பலிக்குமா என்று டாக்டருக்கே தெரியாது. கட்டி சுருங்கினால்தான் மறுபடி ஊசி வைப்பார்கள். இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பாய் தினமும் காலையில் ஒரு நூலால் கழுத்தைச் சுற்றி அளந்து, ஊசி வைத்த அன்று போட்ட முடிச்சோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒருநாள் நூலை என்னிடம் நீட்டினார்.

"நீங்க அளங்க தம்பி. துணிய இழுத்துப் புடிச்சு அளந்தே பழகுன கை இது. என்னையே ஏமாத்திப்புடும்."

தோல் கருகியிருந்தது. மெதுவாக அளந்தேன். நூல் முடிச்சைத் தாண்டி ஒரு விரற்கடை போயிற்று. இன்னும் இறுக்கி, முடிச்சுக்குள் கொண்டுவந்தேன்.

"கொஞ்சம் கொறஞ்சிருக்கு பாய்."

அவர் வலியோடு சிரித்தார். "முப்பது வருஷமா நான் செஞ்ச வேலைய ஒரே நாள்ல கத்துக்கிட்டீங்களே!"

மறுநாள் காலையிலும் நூலை என்னிடமே நீட்டினார். இறுக்கிப் பிடிப்பேன் என்று தெரிந்துதான் நீட்டினாரா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.