ஆடி மேல் போட்ட பழி

சிங்கம்புணரிச் சந்தையில் மாடு வாங்குகிறவர்கள் துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொண்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். மாடு விற்க வருகிற மருதுவுக்கு அந்தக் கள்ளத்தனமே ஆகாது. “இது இவ்வளவுதான் பெறும், வேணும்னா பிடிச்சுக்கிட்டுப் போ” என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டு வெற்றிலையை மெல்லப் போய்விடுவார். அதோடு பேச்சு முடிந்தது. அவர் கொடுத்த மாடு நொண்டினால் மறுவாரம் திருப்பி ஓட்டிக்கொண்டு வரலாம், முகம் சுளிக்க மாட்டார். அண்ணன் தம்பி வரப்புக்காக அடித்துக்கொண்டால் ஊர்க்காரர்கள் தாசில்தாரைத் தேடிப் போவதில்லை. மருதுவைக் கூட்டி வருவார்கள். அவர் நடந்து காட்டிய இடத்தில் கல் ஊன்றுவார்கள். எழுத்தும் கிடையாது, கைநாட்டும் கிடையாது.

நாள் கிழமை பார்க்கிற வழக்கமும் அவரிடம் இல்லை. ஆடி பிறந்துவிட்டால் அந்தப் பக்கத்தில் ஊரே வாயைக் கட்டிக்கொள்ளும். பெண் கேட்டுப் போக மாட்டார்கள், புதுவேலையில் சேர மாட்டார்கள், எதற்கும் சரி என்று ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். கேட்டால் “ஆடி கழியட்டும்” என்பார்கள், கேட்டவரும் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார். மருது மட்டும், “ஆடியில சோறு திங்கிறீகல்ல? அப்புறம் என்னய்யா?” என்று கேட்டுவிட்டுத் தன் காரியத்தைப் பார்ப்பார்.

அப்படிப்பட்ட மனுஷனை ஓர் ஆடி மாதம் கவிழ்த்துவிட்டது. ஆடி என்ன செய்யும் பாவம், பெற்ற பிள்ளையல்லவா கவிழ்த்தான்!

பிள்ளையின் பெயர் சேதுபதி. அந்த வட்டாரத்து விவசாயக் குடும்பங்களில் முதன்முதலாகச் சட்டம் படித்தவன். அறுபத்தேழாம் வருஷம் மெட்ராஸில் பி.எல். முடித்துப் பட்டத்தோடு வந்து இறங்கினான். அவனுடைய அம்மா ராமுத்தாய் கறுப்புக் கோட்டைக் கொடியில் போட்டு, காக்காய் எச்சம் விழுந்துவிடுமோ என்று பக்கத்திலேயே நின்று காவல் காத்தாள். கோட்டு வந்தால் போதுமா? வக்கீல் தொழிலில் ஒரு பெரியவரிடம் சேர்ந்து சில வருஷம் தேய்ந்தால்தான் கோர்ட்டில் வாய் திறக்க முடியும்.

காரைக்குடியில் சொக்கலிங்கம் என்று ஒரு வக்கீல் இருந்தார். தேவகோட்டைக் கோர்ட்டில் நிலம், பாகப்பிரிவினை வழக்குகளுக்கு அவரைத்தான் தேடி வருவார்கள். அவர் சேதுபதியைக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார், பிடித்துப்போயிற்று. “ஆவணியில வந்து சேர்ந்துக்க தம்பி. ஆனா ஆடி முடியறதுக்குள்ள முடிவைச் சொல்லிரணும். ஆத்தங்குடி தச்சர் வீட்டுப் பையன் நாச்சியப்பன்னு ஒருத்தனும் கேட்டு நடக்கிறான். இருக்கிறது ஒரு இடந்தான். அவனையும் ரொம்ப நாள் தொங்கல்ல விட முடியாது பாரு” என்றார்.

சேதுபதிக்கோ மனசு வேறு எங்கோ இருந்தது. மதுரையில் இரண்டு பெரிய வக்கீல்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். அதைவிட, மெட்ராஸில் பல வக்கீல்கள் ஒன்றாகச் சேர்ந்து கம்பெனி வழக்கு நடத்துகிற ஆபீஸ் ஒன்று ஆடிக் கடைசியில் நேரில் வரச் சொல்லியிருந்தது. காரைக்குடிக்குச் சரி என்றால் மெட்ராஸ் போய்விடும். வேண்டாம் என்றால், மெட்ராஸும் கைவிட்டால் தெருவில் நிற்க வேண்டும். படித்த மூளை ஒரு வழி கண்டுபிடித்தது. சொக்கலிங்கத்திடம் போய், “எங்கப்பா ஆடியில வாக்குக் குடுக்கக் கூடாதுங்கிறாக. ஆவணி பிறந்ததும் சொல்றேங்கய்யா” என்றான். எவ்வளவு சுலபமான பொய்! அந்தச் சீமையில் அதை மறுத்துப் பேச யாருக்கு நாக்கு வரும்?

சொக்கலிங்கமும் மறுக்கவில்லை. ஆனால் மருதுவைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்ததால் மனசுக்குள் உறுத்தியிருக்கிறது. சிங்கம்புணரிப் பக்கம் ஒரு வழக்கு நிலத்தைப் பார்க்க வந்தவர், போகிற வழியில் காரை நிறுத்திவிட்டு வரப்பில் நடந்தே வந்துவிட்டார். மருது கடலை விதைத்துக்கொண்டிருந்தார்.

“வாங்கய்யா வாங்க. இந்த வெயில்ல இங்குட்டு எதுக்கு வந்தீக? சொல்லிவிட்டா நான் வரமாட்டேனா?”

“இருக்கட்டும் மருது. ஒண்ணு கேக்கணும். நீங்க ஆடி பாக்குற ஆளில்லேன்னு சொல்வாக. தம்பி சொன்னான், ஆடியில வாக்குக் குடுக்க வேணாம்னு நீங்க தடுத்துட்டீகளாமே?”

மருதுவின் கையிலிருந்த விதை அப்படியே நின்றது. ஒரு நொடியில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மகன் அடிக்கடி மதுரைக்கு ஓடியதும், கேட்டால் சினேகிதன் வீடு என்றதும். ‘அப்படி ஒண்ணும் நான் சொல்லலையே’ என்று சொன்னால் தீர்ந்தது. சொன்னால் மகன் பொய்யன். தொழிலில் இன்னும் காலே வைக்காத பிள்ளையை ஒரு பெரிய வக்கீல் முன்னால் பெற்ற தகப்பனே பொய்யனாக்குவதா?

“ஆமாங்கய்யா. நாந்தான் சொன்னேன். வயசாகுதுல்ல, பயம் வந்துருச்சு” என்றார். வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் பொய் அதுதானா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டைப் பார்த்தால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

சொக்கலிங்கத்தின் முகம் தெளிந்துவிட்டது. “அவ்வளவுதானே? அப்ப நான் காத்திருக்கேன். அந்த நாச்சியப்பனுக்கு மட்டும் ஒரு பதில் சொல்லணும். பாவம், தினம் வந்து நிக்கிறான். உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க, அவனை அனுப்பிச்சிர்றேன்.”

இதை மருது எதிர்பார்க்கவில்லை. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அடுத்தது வந்து வாசலில் நிற்கிறது. இப்போது தயங்கினால் முதல் பொய் வெளுத்துவிடும்.

“அனுப்பிச்சிருங்கய்யா. எம்மகன் வருவான்.”

வேறு யார் சொல்லியிருந்தாலும் சொக்கலிங்கம் எழுதி வாங்கியிருப்பார். மருது சொன்னதால் கும்பிடு போட்டுவிட்டுக் காரைப் பார்த்து நடந்தார். மருது மீதி விதையை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பாதி வயல் விதைக்காமல் கிடந்தது.

சேதுபதி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாப்பாட்டு நேரத்தில் எதையும் கேட்கக் கூடாது என்று ராமுத்தாய் சாடை காட்டினாள். மருது கேட்டேவிட்டார்.

“எம்பேரை ஏன்டா இழுத்த?”

அவன் மறைக்கவில்லை, அந்த மட்டுக்கும் நல்லவன். “உங்க பேரைச் சொன்னா அவுக மறுபேச்சுப் பேச மாட்டாகப்பா. ரெண்டு பக்கமும் கதவைத் தெறந்து வச்சேன், அது ஒரு தப்பா? காரைக்குடியில வரப்பு வழக்குலயே கிழவனாகணுமா நான்?”

“நீ வருவேன்னு நான் வாக்குக் குடுத்துட்டேன்.”

“யாரைக் கேட்டுக் குடுத்தீக?”

மருது மடியிலிருந்த விதையை அவிழ்த்துக் கீழே வைத்தார். யோசித்துப் பார்த்தால் அந்தக் கேள்வியிலும் நியாயம் இருந்தது. அவன் வாழ்க்கைக்கு இவர் எப்படி வாக்குக் கொடுப்பார்? போகாதே என்று சொல்ல வாயெடுத்தார். கொடியில் கிடந்த கோட்டைப் பார்த்தார், சொல்லவில்லை.

சேதுபதி மெட்ராஸ் போனான். அங்கே அவர்கள் நாள் அவகாசமெல்லாம் கொடுக்கவில்லை. இருக்கிறாயா போகிறாயா, இப்போதே சொல் என்றார்களாம். அந்த இடத்திலேயே சரி என்று சொல்லிவிட்டு, லட்டு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து துணிமணியை எடுத்து அடுக்கினான். “சொக்கலிங்கம் ஐயாவுக்கு ஒரு கடுதாசி போட்டுர்றேம்பா” என்றான்.

“கடுதாசி வேணாம். நான் போறேன்” என்றார் மருது.

ஆவணி முதல் நாள் காலையில் காரைக்குடி பஸ்ஸில் ஏறிப் போனார். சொக்கலிங்கத்தின் ஆபீஸைக் கழுவி விட்டுக் கோலம் போட்டிருந்தது. வக்கீலின் மேஜைக்குப் பக்கத்தில் புதுசாக ஒரு சின்ன மேஜை, அதில் சந்தனப் பொட்டு. குமாஸ்தா பெத்தாச்சி தட்டில் பூமாலையோடு வாசலுக்கே வந்துவிட்டார். சொக்கலிங்கம் மருதுவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“தம்பி பின்னால வாரானா?”

“வரலைங்கய்யா. மெட்ராஸுக்குப் போயிட்டான்.”

பெத்தாச்சி தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். சொக்கலிங்கம் தட்டை வாங்கிப் புது மேஜையில் வைத்தார். பிறகு, அந்தப் பெரிய மனுஷன், மருதுவுக்குத் தப்பிக்க ஒரு வழி செய்து கொடுத்தார். “நீங்க அன்னைக்கே ஆடியில வாக்கு வேணாம்னு சொன்னீக. அதை மீறிக் கேட்டு வாங்குனது என் தப்பு மருது. விடுங்க.”

ஆமாங்கய்யா என்று தலையை ஆட்டியிருந்தால் கௌரவத்தோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். 

“ஆடி மேல பழியைப் போடாதீகய்யா. நான் ஆடி பாக்கிறவனே இல்லை. அவன் சொன்னது பொய்யி. அதை மறைக்க நான் சொன்னது அதைவிடப் பெரிய பொய்யி. அந்தத் தச்சர் வீட்டுப் பையனைத் திரும்பக் கூப்பிட முடியுமாய்யா?”

“அனுப்புன பெறகு என்ன ஆனான்னு அன்னைக்கே ஆளை விட்டுக் கேட்டேன். அவன் வெளியூர்ல மச்சானோட மரக்கடைக்குப் போயிட்டான். அப்பன் படிக்க வச்சதுக்குப் பதிலா உளியைக் குடுத்திருக்கலாம்னு சொல்லிட்டுப் போனானாம்.” சொக்கலிங்கம் குரலை உயர்த்தவே இல்லை. “உங்க வாக்குன்னு நெனச்சுத்தான் அவனை அனுப்புனேன்.”

திட்டியிருந்தால் மருது தாங்கியிருப்பார். திரும்பி வருகிற பஸ்ஸில் தெரிந்தவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். அவர் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார். வீட்டுக்குள் வந்ததும் ராமுத்தாய் என்ன ஆச்சு என்று கேட்டாள். அவள் மடியில் முகத்தை வைத்து அழுதுவிட்டார்.

அதற்குப் பிறகு வரப்புத் தகராறு என்று யாராவது வந்து நின்றால், “வேற ஆளைப் பாருங்கப்பா, எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை” என்று அனுப்பிவிடுவார். சந்தைக்குப் போவதையும் விட்டார். ஊருக்குக் காரணம் தெரியாது. மகன் மெட்ராஸில் பெரிய ஆளாகிவிட்டான், கிழவனுக்குத் தலைக்கனம் என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று இருந்துவிட்டார்.

மகனும் பெரிய ஆளாகத்தான் ஆனான். எழுபத்து நாலில், ஆடிப் பண்டிகைக்கு ஊருக்கு வந்தபோது, பக்கத்து வயலை வாங்கிப்போட ஆசைப்பட்டான். வயல்காரர் கருத்தையா வெள்ளை மனசுக்காரர். பேச்சு நடக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: “பத்திரமெல்லாம் மெதுவா எழுதிக்கலாம் தம்பி. மருது அண்ணன் வாக்குக்கு ஆடி ஏது? இப்போதைக்கு ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் நாளைக்கே நெலத்தை விட்டுர்றேன்.”

“சொல்லுங்கப்பா” என்றான் சேதுபதி, சர்வசாதாரணமாக.

மருது மகனைப் பார்த்தார், கருத்தையாவைப் பார்த்தார். கடைசியில், “எழுதி வாங்கிக்க கருத்தையா” என்றார். “ரெண்டு சாட்சியும் வச்சுக்க. எம்பேச்சை நம்பாத.”

அண்ணன் கேலி பண்ணுகிறார் என்று நினைத்துக் கருத்தையா தொடையைத் தட்டிச் சிரித்தார். சேதுபதி சிரிக்கவில்லை. அவன் முகம் சுண்டிப் போனதைப் பார்த்தபோது மருதுவுக்கு மகன் மேல் இரக்கமாகத்தான் இருந்தது. ஒன்றுமில்லடா, விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லி அவனைத் தேற்றியிருக்கலாம். அதுவும் பொய்யாகிவிடுமே என்று பேசாமல் இருந்தார்.