கோழிக்குப் பராக்குக் காட்டிய காலம்

இது நடந்து இரண்டு வருஷம் இருக்கும். வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. இரண்டு பக்கமும் தொடர்மாடிகள் எழும்பிவிட்டன. நடுவில் எங்களுடைய பழைய வீடு மட்டும் குந்திக்கொண்டிருக்கிறது. பின்னால் சின்ன வளவு. ஒரு முருங்கை, ஒரு உடுப்புக் கொடி, மூலையில் ஒரு கோழிக்கூடு. அந்தக் கோழிகளைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் என் மனைவியைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் கதையைச் சொல்ல முடியாது.

அவளுக்குப் புற்றுநோய். ஒருமுறை வந்து, போய்விட்டது என்று நாங்கள் கோயிலுக்கெல்லாம் போய் வந்த பிறகு திரும்பி வந்தது. இந்த முறை டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஈரலுக்கும் எலும்புக்கும் பரவிவிட்டது, மருந்து கொடுப்பதெல்லாம் கொஞ்சம் தள்ளிப்போடத்தான் என்றார். வெளியே வந்தேன். வாங்கில் குந்திக் காத்துக்கொண்டிருந்தவள் "என்னவாம்?" என்று கேட்டாள். "மருந்தை மாத்தியிருக்கினம். சுகம் வருமாம்" என்று சொன்னேன். கனடாவில் இருக்கிற மகளுக்கு மட்டும் உண்மையைச் சொல்லி, அம்மாவிடம் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். எங்கள் ஆட்களில் யார்தான் நோயாளிக்கு நேரே சொல்லுகிறார்கள்? நானும் ஊரோடு ஒத்துப்போனேன்.

நல்லாய்ச் சாப்பிட வேண்டும், முட்டை கொடுங்கள் என்று ஆசுப்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கடை முட்டையை நம்பாமல், எங்கள் ஒழுங்கை முனையில் ஓட்டோ வைத்திருக்கும் சிங்களத் தம்பியிடம் சொன்னேன். அவன் களனியில் இருக்கிற தன் அக்கா வீட்டில் இருந்து ஐந்து பேட்டுக் கோழிகள் கொண்டுவந்து தந்தான். ஐந்தும் ஒரே சிவப்பு, ஒரே அளவு. எது எதுவென்று எனக்கு மட்டுப்படவே இல்லை. மனைவியின் கட்டிலை யன்னலோரம் இழுத்துப் போட்டேன். படுத்துக்கொண்டே வளவைப் பார்க்கலாம்.

ஒரு மாதம் போயிருக்கும். ஐந்தில் ஒன்றை மற்றவை கொத்தத் தொடங்கின. கழுத்தில் இறகு போய், முதுகிலும் போய், தோல் சிவந்து கிடந்தது. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். "சனியன் பிடிச்ச கோழியள், திருப்பிக் குடுக்கப் போறன்" என்று கத்தினேன். அவள் முப்பது வருஷத்துக்கு மேல் சின்ன வகுப்புப் படிப்பித்தவள். யன்னலால் இரண்டு நாள் பார்த்துக்கொண்டே கிடந்துவிட்டுச் சொன்னாள்:

"வேலை குடுக்காத வகுப்பப்பா அது. அடிபடாமல் என்ன செய்யும்? உதுகளுக்குப் பொழுது போகேல்லை."

கோழிக்குப் பொழுது போகவில்லையாம்! ரிட்டயர் பண்ணி வீட்டில் இருக்கிற எனக்குத்தான் பொழுது போகவில்லை, என்னை யார் கேட்டார்கள்? ஆனால் அவள் விடவில்லை. மகளும் சேர்ந்துகொண்டாள், அங்கே யாரோ கோழி வளர்ப்பவர்களின் வீடியோக்களை அனுப்பத் தொடங்கினாள். அன்றிலிருந்து நான் அந்தப் பள்ளிக்கூடத்தின் பியோன். காலையில் ஒரு முழு முட்டைக்கோவாவைக் கயிற்றில் கட்டி, உடுப்புக் கொடியில் தொங்கவிட வேண்டும். அவை எட்டி எட்டிப் பாய்ந்து கொத்தும். பிறகு பிளாஸ்டிக் போத்தலில் ஓட்டை போட்டு அரிசி நிரப்பி உருட்டிவிட வேண்டும். வெயில் ஏறினால் சருகைக் குவித்து அதற்குள் நெல்லைத் தூவ வேண்டும், கிளறிக் கிளறி எடுக்கட்டுமாம். பின்னேரம் பழைய டயருக்குள் சாம்பலும் மணலும், புழுதி குளிக்க. பழுதாய்ப்போன சீடியைக் கூட நூலில் கட்டித் தொங்கவிட்டேன். மேல்மாடி பல்கனிகளில் சனம் நின்று பார்த்தது. ஸ்டூலில் ஏறி நின்று கோவா கட்டும் கிழவனுக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

"இண்டைக்கு என்ன மூண்டு பேர்தான் போத்தலுக்கு வந்தவை? மற்றவை எங்கை?" என்று கட்டிலில் இருந்து, வகுப்பில் பெயர் கூப்பிடுகிற மாதிரி இடாப்புக் கூப்பிடுவாள். கொத்துகிற பெரிய கோழிக்கு மொனிட்டர் என்று பெயர் வைத்தாள். கொத்து வாங்கியதற்கு மொட்டைச்சி. அவளுக்கும் மருந்தால் தலைமயிர் முழுக்கக் கொட்டியிருந்தது. "நாங்கள் ரெண்டு பேரும் ஒரே வகுப்பு" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்கு நெஞ்சில் குத்தும்.

சத்தியமாய்ச் சொல்லுகிறேன், கொத்து குறைந்தது. அதைவிட, மொட்டைச்சி போத்தல் உருட்டுவதில் படு கெட்டிக்காரியாகி விட்டது. அலகால் தட்டித் தட்டி வளவின் இந்த மூலையில் இருந்து அந்த மூலைவரை கொண்டுபோகும். மனைவி எழும்பி இருந்து பார்ப்பாள். அந்த நேரம்தான் இரண்டு வாய் சோறும் இறங்கும். அப்போதுதான் எனக்குள் அந்தப் பயம் பிடித்தது. இந்தக் கோழி செத்தால் இவள் மனம் விட்டுவிடுவாள். யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானே அப்படி முடிச்சுப் போட்டுக்கொண்டேன். கோழிக்கு மஞ்சள் பூசினேன், மருந்து போட்டேன். பிள்ளையாருக்கு அவளுக்காக வைத்த நேர்த்தியோடு கோழிக்கும் ஒன்று வைத்தேன். சிரிக்காதீர்கள்.

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அவள் சில வேளை, "இஞ்சருங்கோ, எனக்கு ஏதும் ஒண்டு நடந்தால்..." என்று தொடங்குவாள். நான் உடனே எழும்பிவிடுவேன். "பொறும், கோவா கட்டேல்லை." அல்லது, "அங்க பாரும், உம்மட ஆள் போத்தல் உருட்டுது!" அவளும் திரும்பிப் பார்ப்பாள். கதை அதோடு நின்றுவிடும். நான் தப்பினேன் என்று மூச்சு விடுவேன்.

ஒருநாள் ஆசுப்பத்திரிக்கு வெள்ளனவே போக வேண்டியிருந்தது. கோழிகளைத் திறந்துவிட நேரம் இல்லை, கூட்டிலேயே பூட்டிவிட்டுப் போனோம். அன்றைக்கென்று சனமோ சனம், திரும்பி வர மத்தியானம் தாண்டிவிட்டது. மருந்து ஏற்றிய களைப்பில் அவள் வந்தவுடன் படுத்து நித்திரையாகிவிட்டாள். நான் பின்னால் போய்க் கூட்டைத் திறந்தேன். செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் விடியத் தொடக்கம் அடைந்து கிடந்த கோழிகள். மொட்டைச்சி மூலையில் கிடந்தது. எப்படிக் கிடந்தது என்று எழுத எனக்கு மனம் இல்லை.

முருங்கைக்குக் கீழே கிடங்கு வெட்டித் தாட்டேன். மண்ணைப் போட்டு மூடும்போது அழுகை வந்துவிட்டது. ஒரு கோழிக்கு அழுகிற ஆளா நான்? அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஓட்டோத் தம்பியைத் தேடிப் போய், இன்னொரு கோழி வேண்டும் என்றேன். "அங்கிள், ஏ வகேம எகக் த?" என்று கேட்டான். அதே மாதிரி ஒன்றா என்று. அதே மாதிரி, அதே சிவப்பு, இறகு நிறைந்ததாய் வேண்டும் என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான், ஆனால் மேற்கொண்டு கேட்கவில்லை.

மனைவியிடம், மொட்டைச்சியைத் தனியாகப் பெட்டியில் வைத்து மருந்து கட்டுகிறேன், இரண்டு கிழமைக்கு வெளிச்சம் படக்கூடாது என்று சொன்னேன். "அப்பிடியே?" என்றாள். அவ்வளவுதான். மகளிடமும் அதையே சொன்னேன். பொய் சொல்லப் பழகிவிட்டால் நாக்குத் தடக்குவதில்லை.

இரண்டு கிழமை கழித்துப் புதுக்கோழி வந்தது. அவள் நித்திரையாய் இருந்தபோது சாக்கால் மூடிக் குசினிப் பக்கத்தால் கொண்டுபோனேன். அடுத்தநாள் காலை எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்துவிட்டு, கலியாண வீட்டுக்காரன் மாதிரி யன்னலடியில் போய் நின்றேன்.

"பாத்தீரே! செட்டை முழுக்க முளைச்சிட்டுது. உமக்கும் இப்பிடித்தான் தலைமயிர் முளைக்கப் போகுது, இருந்து பாரும்."

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கோவாவைக் கட்டினேன். நாலு கோழிகள் ஓடிவந்து பாய்ந்தன. புதுக்கோழி ஆடுகிற கோவாவைக் கண்டு வெருண்டு மதிலோடு போய் ஒட்டிக்கொண்டது. போத்தலை உருட்டினேன். அது கத்திக்கொண்டு கூட்டுக்கு மேலே ஏறியது. மொனிட்டர் அதைத் துரத்தித் துரத்திக் கொத்தியது. நான் கோவாத் துண்டை நீட்டி, "வா, வா, என்னடி உனக்கு இண்டைக்கு" என்று நடித்துக்கொண்டிருந்தேன்.

"புதுப்பிள்ளையை எப்பச் சேர்த்தனீங்கள்?"

மெதுவாகத்தான் கேட்டாள்.

"என்ன புதுப்பிள்ளை? இது உம்மட மொட்டைச்சி தானே."

"பள்ளிக்கூடம் தொடங்கிற ஒவ்வொரு தை மாசமும் புதுப்பிள்ளையள் வந்து நிக்கிறதைப் பாத்தனான். மற்றவையின்ர விளையாட்டுத் தெரியாமல் உப்பிடித்தான் முழுசிக்கொண்டு நிக்குங்கள். மொட்டைச்சி எப்பப்பா செத்தது?"

நான் இன்னும் ஏதோ உளறினேன். அவள் கையால் கட்டிலைத் தட்டி, வந்து இருங்கோ என்றாள். போய் இருந்தேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும்.

"செத்ததைச் செத்தது எண்டு சொல்லுங்கோ. என்ர விஷயமும் எனக்குத் தெரியும். டொக்டரிட்டை இருந்து வெளியில வந்த அண்டைக்கே உங்கட முகத்தில எல்லாம் கிடந்தது. நான் வாய் திறக்கிற நேரமெல்லாம் கோவா கட்டப் போறியள். கோழிக்குப் பராக்குக் காட்டுங்கோ, ஓம், அதுகளுக்கு வேணும். எனக்குக் காட்டாதேங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கப்பா. தனியப் பயப்பிட ஏலாமல் கிடக்கு."

ஐயோ, அந்தக் கடைசிச் சொல். இவ்வளவு நாளும் பக்கத்தில் இருந்தும் அவளைத் தனியே விட்டுவிட்டேன். அவளுடைய மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அவள் என் தலையைத் தடவிக்கொண்டு, "சரி, சரி" என்றாள். ஆறுதல் சொல்ல வேண்டியவன் நான். அவள் எனக்குச் சொன்னாள்.

அன்றைக்குச் சோறு கரிந்து போகும்வரை கதைத்தோம். நோவு தாங்க முடியாமல் வருமோ என்பதுதான் அவளுடைய பெரிய பயம். டொக்டரிடம் கேட்டேன், நோவுக்கு மருந்து இருக்கிறது என்று அவளுக்கு நேரேயே சொன்னார். மகளுக்குப் போன் எடுத்து, "செத்தவீட்டுக்கு வராதை, இப்ப வா" என்று அவளே சொன்னாள். மகள் அங்கே விம்மியது எனக்கும் கேட்டது. தன்னைக் கடைசியாய் எந்தச் சீலை உடுத்தி அனுப்ப வேண்டும் என்று மனைவி சொன்னாள். என் தங்கச்சியின் மீன்குழம்பு தனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை, இனிப் பயமில்லாமல் சொல்லலாம் என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். கலியாணம் கட்டிய புதிதில் நான் சொன்ன ஒரு சொல்லை இவ்வளவு காலமும் மனதில் வைத்திருந்தாள். அதையும் சொன்னாள். மன்னிப்புக் கேட்டேன்.

புதுக்கோழிக்கும் வழி சொல்லித் தந்தாள். கம்பிவலைக்குப் பின்னால் தனியே வைத்து, மற்றவை கண்டு பழகட்டும், பிறகு விடுங்கோ. விடுகிற அன்றைக்கு இரண்டு கோவா கட்டுங்கோ, மொனிட்டரால் இரண்டையும் காவல் காக்க ஏலாது. அப்படியே செய்தேன், சரிவந்தது.

மகள் வந்து சேர்ந்தாள். மூன்று பேரும் அந்தக் கட்டிலைச் சுற்றி இருந்து, ஒன்றையும் ஒளிக்காமல் கொஞ்ச நாள் வாழ்ந்தோம். ஒரு காலை நேரம் என் கையைப் பிடித்தபடி அவள் போய்விட்டாள். பயந்துதான் போனாள், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் தனியப் பயப்படவில்லை.

இப்போது சொந்தக்காரர் யாராவது வருத்தம் வந்து படுக்கையில் என்றால், வாசலிலேயே என்னை மறித்து, அவருக்குச் சொல்லவில்லை, நீங்களும் வாய் விடாதேங்கோ என்று குசுகுசுக்கிறார்கள். நான் வாக்குவாதப்படுவதில்லை. உள்ளே போய்க் கட்டிலடியில் பேசாமல் இருக்கிறேன். படுத்திருப்பவர்களில் கன பேர் தாங்களாகவே கதையைத் தொடங்குகிறார்கள். தொடங்கினால் நான் எழும்பிப் போவதில்லை.

மொட்டைச்சி இன்னும் கொஞ்சம் முந்திச் செத்திருக்கக்கூடாதா என்று சில நாட்களில் நினைக்கிறேன். பாவம்தான், ஆனால் நானும் அவளும் கதைக்க இன்னும் கொஞ்ச நாள் கிடைத்திருக்கும்.