அறுபது கண் துணிகள்

அம்மாவின் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கினால் மகள் நேராக அந்த அறுபது துணிகளில்தான் போய் நிற்பாள்.

மூன்று முறை தேதி வாங்கி, மூன்று முறையும் அம்மா தட்டிக் கழித்த கண் அறுவைச் சிகிச்சை மறுநாள் காலை நடக்க இருந்தது. அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி உலர்த்தும் இயந்திரம் படுத்துக்கொண்டது. மேற்பார்வையாளரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு மூட்டை ஈரத் துணியோடு அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள். எல்லாம் கண் துணி. நடுவில் வட்டமாக ஓட்டை வைத்துத் தைத்த பச்சைத் துண்டு. முகத்தை மூடி, கண்ணை மட்டும் வெளியே காட்டும். ஐந்து மணிக்குள் காய்ந்து, மடிக்கப்பட்டு, ஆஸ்பத்திரியின் கிருமி நீக்கும் நீராவிப் பெட்டிக்குப் போகாவிட்டால் நாளை யாருக்கும் சிகிச்சை கிடையாது. அம்மாவுக்கும்தான்.

மகள் மூட்டைகளை உள்ளே இழுத்தாள். இந்தத் தேதியும் தள்ளிப்போனால் அம்மா அப்புறம் பிடி கொடுக்கமாட்டாள். வயது அறுபத்தேழு. அப்பா போன பிறகு மகளையும் மகனையும் அந்தக் கூடத்து ஆவியில் நின்றே ஆளாக்கியவள். நாற்பத்தோரு வருட வேலை. இரண்டு வருடமாகப் பார்வை மங்கியும் விரலாலேயே ஓட்டிக்கொண்டிருந்தாள். கேட்டால், "கண்ணு எதுக்குடி? கை இருக்குல்ல" என்பாள்.

வீடு அமளிதுமளிப்பட்டது. தம்பி மொட்டைமாடி முதல் படுக்கையறை வரை கயிறு கட்டினான். மூன்று மின்விசிறி, இரண்டு இஸ்திரிப் பெட்டி. ஃபியூஸ் இரண்டு முறை போனது. மிக்ஸி ரிப்பேர் செய்யும் மாப்பிள்ளை கடையை அடைத்துவிட்டு ஓடிவந்தார். ஃபியூஸ் போட்டதோடு நிற்காமல், காய்ந்ததையெல்லாம் மடித்தும் அடுக்கினார். மூன்றரைக்கு நாற்பது தயார். மகளுக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மா அடுக்கின்மேல் கை வைத்தாள்.

"யாரு மடிச்சது?"

"நான்தான் அத்தை. சட்டை மாதிரி கச்சிதமா மடிச்சிருக்கேன்."

"கச்சிதம்தான் மாப்பிள்ளை. ஓட்டை உள்ள போயிடுச்சு."

ஓட்டை மேலே தெரியவேண்டும். நர்ஸ் ஓரத்தைப் பிடித்து ஒரே உதறலில் விரிப்பாள். தேடித் துழாவினால் துணி கண்ட இடத்தில் பட்டுவிடும். இதைச் சொல்லிக்கொண்டே அம்மா நாற்பதையும் உதறிப்போட்டாள்.

மகளுக்குச் சுருக்கென்றது. "நாளைக்குப் போகாம இருக்கத்தானே இவ்வளவும்?"

அம்மா ஒரு துணியை எடுத்தாள். விசிறிபோல இரண்டு பக்கமும் மடித்து, வட்டத்தை மேலே நிறுத்தினாள். அடுத்தது. அதற்கடுத்தது. மற்றவர்கள் அவள் கையைப் பார்த்துப் பார்த்து மடித்தார்கள். மாப்பிள்ளை மடித்ததை மட்டும் அவள் தடவிப் பார்த்த பிறகே சேர்த்தாள். பரீட்சை எழுதுகிறவரைப்போல அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

ஐந்துக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது மூட்டைகள் ஆஸ்பத்திரிக்குள் போயின. மேற்பார்வையாளர் வெளியே வந்து, நாளைய பட்டியலில் மாற்றமில்லை என்றார். தம்பி சீட்டியடித்தான். மாப்பிள்ளை, மூட்டைகளை ஏற்றி வந்த ஆட்டோக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மகள் திரும்பிப் பார்த்தபோது அம்மா ஆஸ்பத்திரி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"வலிக்குமாடி?"

அம்மா பயந்து மகள் பார்த்ததே இல்லை. "இரும்மா, கேட்டுட்டு வரேன்" என்று படிகளை இரண்டிரண்டாகத் தாவி உள்ளே ஓடினாள்.